குணமானவன்

செவ்வாய்க்கிழமை காலை ரைலினின் வலது முழங்கையை மேசைமேல் வைத்து, உட்பக்க எலும்புக்கு ஒரு விரற்கடை கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். "இங்க?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே" என்றான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. ஆனால் மேசையின் கோடியில் அவனுடைய இடது கால் பெருவிரல் காலுறைக்குள் மடங்கி நிமிர்ந்தது. பேஸ்பாலில் பந்து எறிகிறவர்கள் முகத்தைப் பழக்கி வைத்திருப்பார்கள். காலைப் பழக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மறுபடியும் மடங்கியது. வெனிசுவேலாக்காரரான உங்கள் கை மாவு பிசையத்தான் லாயக்கு, பேசாமல் ஊருக்குப் போய் ஒரு சோள அடைக் கடை போட்டு உட்கார்ந்துவிடுங்கள் என்று எனக்கு யோசனை சொன்னான். நானும் சிரித்துவிட்டு, குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேராக 'வலி இல்லை' என்று எழுதினேன்.

நான் டாக்டர் இல்லை. இந்த முகாமில் எல்லோரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், ரைலின் ஒருவனைத் தவிர. மூட்டுக்குக் கட்டுப் போடுவதும், ஐஸ் வைப்பதும், பிடித்துவிடுவதும், எழுதி வைப்பதும்தான் என் வேலை. அதற்கு முன்னால் இதே கிளப்பின் மைனர் லீக் அணிகளில் ஒன்பது வருஷம் கேட்சராக, எறிகிறவனுக்கு எதிரே பந்தைப் பிடிக்கக் குந்தியிருந்தேன். முட்டி இரண்டும் போனதும், ஹெர்மெஸ் பிரேலா நல்லவன், ஸ்பானிஷ் பேசுகிற பையன்கள் அவன் பேச்சைக் கேட்பார்கள் என்று சொல்லி இந்த வேலையைக் கொடுத்தார்கள். என் வேலை அனுமதிச் சீட்டை ஒவ்வொரு செப்டம்பரிலும் கிளப்தான் புதுப்பிக்க வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்காட்டியதில்லை.

எங்கள் முகாம் புளோரிடாவில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. மேலே உள்ள அணிகளில் உடைந்துபோகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து சேருவார்கள். தோள், முழங்கை, தொடை, முதுகு. காலை ஏழு மணிக்குப் பத்து மேசையும் நிறைந்துவிடும். அறையின் மூலையில் வாளி நிறைய அரிசி வைத்திருப்போம். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் மணிக்கட்டுவரை அதற்குள் கையை விட்டு விரல்களைத் திறந்து மூடி, திருகி, பிசைய வேண்டும், கையில் பலம் வர. மற்றவர்கள் மூன்று நிமிஷத்தில் சலித்துப்போய் எடுத்துவிடுவார்கள். ரைலின் பதினைந்து நிமிஷம் பிசைவான். இதை ஒருநாள் உலையில் போட்டு எங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிடப் போகிறீர்கள் என்று கேலி செய்வான்.

ரைலின் துரான் தோமினிக்கன் நாட்டில் அசுவா பக்கத்துக்காரன். பதினேழு வயதில் மிகக் குறைந்த விலைக்கு வந்தவன். இருபத்தியொரு வயதில் பந்து தொண்ணூற்றேழு மைல் வேகத்தில் போயிற்று. அப்போது எல்லோருக்கும் அவன் பெயர் தெரிந்திருந்தது. பிறகு ஒரு ஜூன் மாதம், ஆறாவது இன்னிங்ஸில், பந்து கையைவிட்டுப் போனதும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எறிகிறவன் நிற்கும் மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்ட் முழுசாக அறுந்திருந்தது. அறுந்தது அன்றைக்கு. வலித்தது அதற்கு முன்னால் ஐந்து மாதமாக. வசந்த காலம் முழுக்க இடது கையால் பல் துலக்கி, இடது கையால் சாப்பிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் எறிந்திருக்கிறான். அணிக்குள் இது ஒரு வழக்கம். வலியைச் சொன்னவன் இடத்தில் மறுநாள் இன்னொருவன் நிற்பான். அதனால் பாதிப் பேர் கையை முழுசாக அறுத்துக்கொண்டுதான் என் மேசைக்கே வருவார்கள்.

மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை உருவி முழங்கையில் வைத்துக் கட்டினார்கள். பதினான்கு மாதம் ஆயிற்று. முதலில் பந்துக்குப் பதில் துண்டை வீசினான். பிறகு நாற்பத்தைந்து அடி தூரம், அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது. பிறகு மண்மேடு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகச் சொன்னார்கள். போனால் பயிற்சி விட்டுப்போகும் என்று போகவில்லை. அவனுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். அவளைக் கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறான். நான் இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காகக் குணமானவனைப் பார்த்ததில்லை. வேகம் மட்டும் திரும்பி வரவில்லை. எவ்வளவு முறுக்கினாலும் தொண்ணூற்று மூன்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரன் ஆட்டத்தில் அடிபட்டால் எங்கள் கிளப் அவனைக் கைகழுவ முடியாது. குணமாகும்வரை சிகிச்சை, சாப்பாடு, படுக்கை எல்லாம் கொடுத்தாக வேண்டும். குணமானவனை அனுப்பலாம். ஆகவே எங்கள் முகாமில் ஒருவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அவனைக் குணப்படுத்த வேண்டும். இது ஆபீஸில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மேசையில் படுத்திருக்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், குணமானால் ஆடலாம் என்பதுதான். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் லோமாக்ஸ் என்னைக் கூப்பிட்டார். மருத்துவப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. என் மனைவியின் பல்வலியைக்கூட ஞாபகம் வைத்து விசாரிப்பார். புதிதாக எடுத்த பையன்கள் சனிக்கிழமை வருகிறார்கள், விடுதியில் படுக்கை போதவில்லை என்று பொதுவாக ஆரம்பித்தார். பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டே, "துரானுக்கு வியாழக்கிழமை கடைசிப் பரிசோதனை வச்சிடலாமா? நல்லா ஆயிட்டாருன்னுதானே எழுதியிருக்கீங்க, ஹெர்மெஸ்" என்றார்.

தினமும் நான்தான் அப்படி எழுதியிருந்தேன். ஆமாம் என்றேன்.

புதன்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் ரைலின் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். தட்டில் சோறும் பீன்ஸும் கோழியும். வலது கையால்தான் கரண்டியைப் பிடித்திருந்தான், நான் பார்க்கிறேன் என்பதால். கோழியை அறுக்கும்போது கரண்டியை வைத்துவிட்டு, வலது கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய், சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் உதறினான். அந்த இரண்டு விரலும் மரத்துப்போகின்றன என்றால் முழங்கை நரம்பில் ஏதோ நெருக்குகிறது என்று அர்த்தம். மடங்கிய கால் விரலையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் முழங்கையை ஒரு ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் டேனர் உட்கார்ந்திருந்தான். டெக்சாஸ்காரன், புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய விலை கொடுத்து முதல் சுற்றிலேயே எடுத்த பையன். தோளில் லேசாகப் பிடிக்கிறது என்று திங்கள்கிழமை சொன்னான், செவ்வாய்க்கிழமை ஸ்கேன், வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்க விமானம். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு வலித்தது, சொன்னான். சொன்னால் நல்லது நடக்கும் என்று நம்பி வளர்ந்த பிள்ளை.

ரைலின் வேறு மாதிரி வளர்ந்தவன், அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், அவன் ஊர்ப்பக்கம் கிளப் நடத்துகிற பயிற்சிக் கூடத்தில் நான் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் பையன்களை ஒரு மாதம் தங்கவைத்துப் பார்ப்போம். எல்வின் என்று ஒருவன் இருந்தான். கேட்சர், என்னைப் போலவே. அவன் தோளில் ஏதோ இருக்கிறது என்று பயிற்சியாளர்களுக்குச் சந்தேகம். அவனோ வாயைத் திறக்கவில்லை. என்னைப் பேசிப்பார்க்கச் சொன்னார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் கேட்சர்தான், என்னிடம் சொல், வெளியே போகாது என்று சொன்னேன். எல்வின் அழுதுகொண்டே சொன்னான். நான் எழுதினேன். மறுநாள் காலை பேருந்தில் ஏற்றிவிட்டோம். அந்த அறையில் அடுத்த கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்தது ரைலின். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பரிசோதனைக்கு அவன் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்தான். பரிசோதனைத் தாளில் இரண்டு பத்தி உண்டு. இடதுபுறம் ஆட்டக்காரன் சொல்வது, அவனே குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வலதுபுறம் பரிசோதித்தவன் கண்டது, அதை நான் எழுத வேண்டும். கையை நீட்டி மடக்கினேன். பிடியின் பலத்தை அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் முழங்கையை அழுத்த வேண்டும். அதற்கு முன்னால் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ரைலின், நான் சொல்றத ஒழுங்காக் கேளு. உனக்கு வலிக்குது. எனக்குத் தெரியும்."

"இல்லண்ணே."

"இன்னிக்கு வலிக்குதுன்னு சொல்லு. சொன்னா உன்ன அனுப்ப முடியாது. திரும்ப ஸ்கேன் எடுப்பாங்க, வைத்தியம் பாப்பாங்க, அடுத்த வருஷம் வரைக்கும் இங்கயே இருக்கலாம். வலியில்லன்னு கையெழுத்துப் போட்டேன்னு வையி, நாளைக்கே உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடா."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்வின்கிட்டயும் கதவச் சாத்திட்டுத்தானண்ணே கேட்டீங்க" என்றான்.

அது வேறு, அப்போது ஒப்பந்தம் இல்லை, இப்போது உனக்கு இருக்கிறது, சட்டமே வேறு என்று நான் ஏதேதோ சொன்னேன். சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து கிசுகிசுத்தேன். கிசுகிசுக்கக் கிசுகிசுக்க எனக்கே அது பொய் போல இருந்தது. குணமானவனை எந்த முட்டாள் வீட்டுக்கு அனுப்புவான்? வலி என்று சொல்கிறவனை எந்த முட்டாள் வைத்துக்கொள்வான்? அவன் தலையை ஆட்டி ஆட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தாளை இழுத்து, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று குறித்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, "தேறிட்டேனாண்ணே?" என்றான்.

நான் முழங்கையை அழுத்தினேன். கால் விரல் மடங்கியது. இப்போது யாரும் குறுக்கே இல்லை. வலதுபுறப் பத்தி என்னுடையது. 'தொட்டால் வலி இருக்கிறது, இரண்டு விரல்களில் மரப்பு இருக்கிறது' என்று ஒரு வரி எழுதினால் போதும், அவன் என்ன சொல்லியிருந்தாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் ஏதாவது தெரியும். தெரிந்தால், இத்தனை நாள் 'வலி இல்லை' என்று எழுதியது யார் என்று கேட்பார்கள். அது ஆகஸ்ட் மாதக் கடைசி. என் வேலை அனுமதி செப்டம்பரில். என் பெண் அந்த வாரம்தான் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். இதையெல்லாம் நான் வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். ஒன்றும் யோசிக்கவில்லை. கை தன்னால் எழுதிற்று. தினமும் எழுதுகிற அதே இரண்டு வார்த்தை.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு லோமாக்ஸின் அறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ரைலினுக்கு இங்கிலீஷ் அரைகுறை. மொழிபெயர்ப்பதும் என் வேலையில் சேர்த்திதான். ஏதோ அணியில் போடப்போகிறார்கள் என்று நினைத்துச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தான். லோமாக்ஸ் எழுந்து கைகொடுத்தார். அவனுடைய உழைப்பைப் பாராட்டினார். பிறகு, கிளப் வேறு திசையில் போக முடிவு செய்திருக்கிறது என்றார். நான் அதை ஸ்பானிஷில் சொன்னேன். திசை என்றெல்லாம் சொல்லவில்லை. "உன்ன விடுவிக்கிறாங்க" என்றேன்.

ரைலின் என்னைப் பார்த்தான், லோமாக்ஸைப் பார்த்தான். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, பெரியவர்களைச் சங்கடப்படுத்தாமல் திருத்த வேண்டும் என்கிற முகம்.

"அண்ணே, நான் குணமாயிட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அவருக்குத் தெரியாது போல."

மொழிபெயர்த்தேன். லோமாக்ஸின் முகம் மலர்ந்தது.

"ஆமா, பாத்தேன். ரொம்ப சந்தோஷம். வாழ்த்துகள்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

ஏன், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்றுகூட என்னைக் கேட்கவில்லை. நேற்றுக் கதவுக்குப் பின்னால் நான் சொன்னதெல்லாம் அவனுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும். வந்ததும் எனக்குத் தெரிந்தது. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான், அவ்வளவுதான். விமானம் இரண்டரை மணிக்கு. விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுவதும் நான்தான். பையை இடது தோளில் போட்டுக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினான். பரிசோதனைத் தாளில் ஒரு பிரதி வேண்டும் என்றான். எதற்கு என்றேன். முழுசாகக் குணமாகிவிட்டேன் என்று கையெழுத்தோடு காகிதம் இருந்தால் வேறு கிளப்பில் காட்டலாம் அல்லவா என்றான். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். மடிக்காமல் பைக்குள் ஒரு சட்டைக்கு அடியில் வைத்தான்.

வழியில் தொலைபேசியில் பேசினான். மறுமுனையில், அவனைச் சின்ன வயதில் கண்டுபிடித்துப் பழக்கிய தரகர். அழுவான் என்று நினைத்தேன். வேலை பேசுகிற குரலில் பேசினான். மெக்சிகோவில் ஒரு அணிக்குப் பந்து எறிகிறவன் தேவையாம், இன்றைக்குள் காணொளி அனுப்பினால் பார்ப்பார்களாம், பத்து எறி போதுமாம். போனை வைத்துவிட்டு, "நீங்க கேட்சர்தானேண்ணே" என்றான்.

வேண்டாம் என்று சொன்னேன். நாளைக்கு ஊரில் போய் எடுத்துக்கொள், இன்றைக்குக் கையைச் சூடுபடுத்தக்கூட நேரமில்லை என்றேன். "கைக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்கதானண்ணே எழுதிக் குடுத்தீங்க" என்றான். குத்திக்காட்டினானா, நிஜமாகவே சொன்னானா, எனக்கு இன்றுவரை தெரியாது. நெடுஞ்சாலைக்குச் சற்று முன்னால் ஒரு ஊர்ப் பூங்காவில் ஆட்டத் திடல் இருந்தது. நிறுத்தினேன்.

நல்ல வெயில். திடலில் ஒருவரும் இல்லை. அவன் பையிலிருந்து இரண்டு கையுறையும் ஒரு பந்தும் எடுத்தான். கைப்பேசியைக் கம்பி வேலியின் கண்ணியில் செருகி, தான் தெரிகிறோமா என்று இரண்டு தடவை சரிபார்த்தான். நான் முட்டி சடசடக்கக் குந்தினேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு குந்துகிறேன். மெதுவாக ஆறேழு பந்து போட்டுவிட்டு, கைப்பேசியை ஓடவிட்டுத் திரும்பி வந்தான்.

முதல் பந்தே உள்ளங்கையைச் சுட்டது. இரண்டாவது, மூன்றாவது. என் கையில் வேகம் அளக்கும் கருவி இல்லை, ஆனால் கேட்சருக்குக் கருவி தேவையில்லை. தொண்ணூற்றைந்துக்குக் குறையாது. பதினான்கு மாதம் எங்கள் யாருக்கும் தராத வேகம். ஆறாவது பந்துக்குப் பிறகு கைப்பேசிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் தொடையில் அடித்து அடித்துத் தேய்த்தான். உதட்டைச் சுற்றி வெளுத்திருந்தது. போதும்டா, எட்டே போதும் என்று எட்டாவதுக்குப் பிறகு சொன்னேன். கேட்காதது போல இருந்தான். ஒன்பதாவது பந்து என் காலடியில் மண்ணில் குத்திற்று. கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டான். பக்கத்தில் வந்தபோது மூச்சு சிறிது சிறிதாக வந்தது.

"இன்னும் ஒண்ணுதாண்ணே. இதுக்கு முன்னாடி நீங்க அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லணும். கிளப் டாக்டர் சொன்னா நம்புவாங்க."

"என்னன்னு?"

"கை நல்லா இருக்குன்னு. சத்தமாச் சொல்லுங்க. பதிவாகணும்."

அவன் மண்மேட்டுக்குப் போய் ஏறினான். பந்தைக் கையுறைக்குள் வைத்து, வலது கையை உள்ளே விட்டு, விரல்களுக்குள் பந்தை இடது கையால் அழுத்திச் செருகினான். பிறகு நிமிர்ந்து, நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். நான் வேலிப்பக்கம் திரும்பினேன். கைப்பேசியின் சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஸ்பானிஷில் ஒரு தடவை, மெக்சிகோக்காரர்களுக்கு வேண்டியிருக்காது என்றாலும் இங்கிலீஷில் ஒரு தடவை, சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுக் குந்தி, கையுறையை விரித்து அவன் நெஞ்சுக்கு நேராகக் காட்டினேன். அவன் காலைத் தூக்கினான்.